தொட்டுக்கொள்ளச் சிரிப்பு

(வாசகர் கேள்வி – பதில்)

கால் எலும்பு முறிந்து, முறிந்த இடத்தில் கிருமியும் பிடித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் 47 நாள் படுத்திருந்ததைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். எலும்பு கூடியதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அங்கே என்ன போட்டார்கள், அதை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் மருத்துவமனைச் சாப்பாட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டவர்களில் சிலர் இன்னும் வார்டுகளில் தள்ளுவண்டியை எதிர்பார்த்துப் படுத்திருப்பதால், அவர்களுடைய இரவுச் சாப்பாட்டின் நலன் கருதிப் பெயரை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

வாசகி, திருநெல்வேலி: என் மாமனார் ஐந்து வாரமாக மருத்துவமனையில் இருக்கிறார். தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நானும் சாப்பாட்டைக் கேலி செய்து பேசிப் பார்த்தேன். ‘உனக்கென்னம்மா, வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடுவாய்’ என்று கோபித்துக்கொண்டார். நான் என்ன தவறு செய்தேன்?

உங்கள் மாமனார் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். மருத்துவமனைச் சாப்பாட்டைப் பற்றிய முதல் கேலி, அதைச் சாப்பிட்டாக வேண்டியவருக்குச் சொந்தம். மீன்குழம்புக்குத் திரும்பிப் போகிறவர்கள் அதில் கைவைக்கக் கூடாது.

எங்கள் வார்டில் ஆறு கட்டில்கள். முதல் மூன்று நாளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டிலில் விருதுநகர்ப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், எழுபதை நெருங்கியவர், வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. நான்காம் நாள் காலையில் அவர் தட்டிலிருந்த இட்லியை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தன் மாவுக்கட்டையும் அதே விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “காலுக்குப் போட்டதில் மிச்சம் போலிருக்கு” என்றார். ஆறு பேரும் சிரித்தோம். முந்தின நாள் அரை இட்லிகூட இறங்காத எனக்கு அன்று இரண்டும் இறங்கின. இதே வார்த்தையைப் பழக்கூடையோடு பார்க்க வந்த என் மைத்துனர் சொல்லியிருந்தால், தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பேன்.

அண்ணாச்சி கடைக்காரர் அல்லவா, மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, வேளாவேளைக்கு வரவு செலவு எழுதத் தொடங்கிவிட்டார். ‘வரவு: முருங்கைக்காய் ஒன்று, நீளம் ஓர் அங்குலம், சதை இல்லை. கடுகு மூன்று, ஐந்தாம் கட்டிலுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. செலவு: பொறுமை.’ இந்தக் கணக்கை ஒவ்வொரு வேளையும் உரக்கப் படிப்பார். கடுகு வந்ததா என்று தேடுவதற்காகவாவது குழம்பைக் கிளற வேண்டியிருந்தது. கிளறிய கை வாய்க்கும் போயிற்று.

ஆகவே, நீங்கள் கேலி பேசாமல் கேள்வி மட்டும் கேளுங்கள். இன்றைய சாம்பாருக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் மாமா என்று கேட்டால், பூஜ்யம் என்பார். அப்படியானால் நேற்றையது தேவலையா என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு வாயாவது எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். வாரத்தில் ஒரு வேளையாவது அவருக்கு வரும் அதே சாப்பாட்டை அவர் எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அதன்பிறகு உங்கள் கேலியையும் அவர் சபையில் சேர்த்துக்கொள்ளக் கூடும்.

வாசகர், சேலம்: ஊருக்கு ஊர் மருத்துவமனை வேறு, ஆனால் சாப்பாடு மட்டும் எங்கும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கிறதே, அது எப்படி? சமைப்பவர்களின் அலட்சியம்தானே காரணம்?

நானும் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் வார்டுக்கு வந்துபோன டயட்டீஷியன் அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டதில், அலட்சியம் பட்டியலின் கடைசியில்தான் வந்தது.

முதலில் உப்பு. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு சேர்த்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பு, ரசம், கூட்டு, அப்பளம், ஊறுகாய் என்று சாப்பிடும் நம் வீடுகளில் இந்த அளவு மதியத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். மருத்துவமனை அடுப்பிலோ இரத்த அழுத்தக்காரர், இதய நோயாளி, சிறுநீரகம் பழுதானவர், நேற்று வயிற்றில் அறுவை முடிந்தவர் என எல்லாருக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் வேக வேண்டியிருக்கிறது. யாருக்கும் கெடுதல் செய்யாத சாப்பாடு ஒருவருக்கும் பிடிக்காத சாப்பாடாகிவிடுவது இப்படித்தான். எனக்குச் சர்க்கரையும் உண்டு, அழுத்தமும் உண்டு. ஆகவே காபியில் சர்க்கரை கிடையாது, உப்புமாவில் உப்பு கிடையாது. உப்புமாவிலிருந்து உப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ‘மா’ என்பதை நாற்பத்தேழு நாளும் அனுபவித்து அறிந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உப்பிடாதவரையும் நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, நேரமும் தூரமும். இட்லிக்கு ஆவியிலிருந்து இறங்கிய சில நிமிடங்கள்தான் வாலிபம். சமையற்கட்டு ஒரு கட்டடத்திலும் வார்டு வேறொரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலும் இருந்தால், தட்டுக்கு வரும்போது அதற்கு நரை தட்டியிருக்கும். சூடான உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கிருமி பெருகாமல் தடுப்பதற்கான விதி. ஆனால் அந்தச் சூட்டிலேயே மூடிக் கிடக்கும் உப்புமாவும் பொங்கலும் பாத்திரத்துக்குள் மேலும் வெந்து பசையாகிவிடுகின்றன. முறுகல் தோசையை நினைத்துப் பெருமூச்சு விடலாமே தவிர, முந்நூறு பேருக்கு அதைச் சுட்டு மாடியேற்ற முடியாது.

மூன்றாவது காரணம் நம் நாக்கு. காய்ச்சலும் நோயும் சுவையுணர்வையும் பசியையும் மழுங்கடிக்கின்றன. அறுவை வார்டுகளில் அதிகம் புழங்கும் மெட்ரோநிடசோல் என்ற மருந்து வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும். புற்றுநோய்க்கான மருந்துகள் சிலவும் அப்படியே. மெட்ரோநிடசோல் எனக்கு டிரிப்ஸில் ஏறிய நாட்களில் பச்சைத் தண்ணீர்கூடச் செப்புக் காசை நாக்கில் வைத்ததுபோல் இருந்தது. அந்த வாரம் என் மனைவி அனுமதி பெற்றுக் கொண்டுவந்த வீட்டு ரசத்தையும் நான் ‘இந்த ஆஸ்பத்திரி ரசம் சகிக்கவில்லை’ என்று திட்டியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் கேரியரின் மூடியை மட்டும் என் கண்ணெதிரில் சற்று ஓசைப்பட மூடினாள்.

இது புதிய குறையும் அல்ல. 1855இல் கிரிமியப் போரின்போது, லண்டனில் பெரும் புகழோடிருந்த அலெக்ஸி சோயர் என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர், இன்றைய இஸ்தான்புல்லில் இருந்த ஸ்கூட்டாரி படை மருத்துவமனைக்குத் தம் சொந்தச் செலவில் போனார். அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இறைச்சியை அடையாளம் தெரிவதற்காகக் கந்தல் துணி, பொத்தான் சரம் என்று கையில் கிடைத்ததைக் கட்டி ஒரே கொப்பரையில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். சோயர் அதை நிறுத்தி, அடுப்பையும் அளவையும் ஒழுங்குசெய்தார். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “பொத்தானாவது கிடைத்திருக்கிறதே, நமக்குக் கடுகுக்கே வழியில்லை” என்றார்.

வாசகர், ஈரோடு: என் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட முடியாமல் தவிக்கிறார். சிஸ்டருக்குத் தெரியாமல் விரல்நுனி அளவு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கூடாது. இந்த ஒரு கடிதத்துக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவரின் உடலில் உப்பு தங்கினால் அதனோடு நீரும் தங்கும். காலிலும் முகத்திலும் வீக்கம் ஏறும், அழுத்தம் கூடும், மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். பொட்டாசியம் தங்கினாலோ இதயத் துடிப்பே தடுமாறும். நல்லது என்று நினைத்து நாம் வாங்கிப்போகும் இளநீர் அவர்களுக்கு ஆகாததும், சிலருக்குக் காய்கறியை நறுக்கி ஊறவைத்து வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்வதும் இந்தப் பொட்டாசியத்தால்தான். உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கும் பொடிகளில் பலவும் பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. ஊறுகாயைத் தடுத்தார்களே என்று இதைத் தூவிக் கொடுத்தால் இன்னும் பெரிய ஆபத்து.

திருட்டுத்தனம் எனக்கும் தெரியாததல்ல. இரண்டாம் வாரம் நண்பர் ஒருவர் என் வேண்டுகோளின் பேரில் இரண்டு மோர்மிளகாயை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. வாசனையை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர், கருவியின் பட்டையை என் கையில் சுற்றியபடியே, “ஐயா, கண்ணாடியைத் தாளித்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். அன்று அழுத்தமும் கூடுதலாகவே இருந்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டயட்டீஷியனை நேரில் பார்த்து, எலுமிச்சைச் சாறு சில துளி, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித் தழை, இவற்றில் அண்ணனுக்கு எது, எந்த அளவில் ஆகும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உப்பைக் குறைத்த சாப்பாட்டுக்கு உயிர் கொடுப்பதற்கென்று அவர்களே சொல்லித்தருபவைதான் இவை. ஆனால் சிறுநீரக நோயாளிகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு அனுமதி கிடைத்தது கால் மூடி எலுமிச்சம்பழத்துக்கு. அதை நான் தங்கம் நிறுப்பதுபோல் பிழிந்துகொண்டேன்.

வாசகர், தஞ்சாவூர்: வயிற்றில் அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது. கஞ்சிதான் ஆகாரம். அடுத்த கட்டில்காரர் அதைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுகிறார். தையல் பிய்ந்துவிடுவதுபோல் வலிக்கிறது. சிரிப்பதா, வேண்டாமா?

இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பார்களே, சிரிக்கும்போதும் அதையே செய்யுங்கள். காயத்தின் மேல் விழும் இழுப்பு குறையும். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காயத்தில் கசிவு தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த கட்டில்காரரிடம், கஞ்சி தட்டுக்கு வருவதற்கு முன்பே நகைச்சுவையை முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் கஞ்சியோடு சிரித்தால் புரையேறும். எங்கள் வார்டிலும் கஞ்சிக்காரர் ஒருவர் இருந்தார். கட்டில் விரிப்பு துவண்டும் தட்டிலிருப்பது விறைத்தும் இருப்பதைப் பார்த்தால், சலவைக்கட்டுக்குப் போக வேண்டிய கஞ்சிதான் வழிதவறி வந்திருக்கிறது என்பது அவருடைய துப்பு.

வாசகி, கோயம்புத்தூர்: நான் ஒரு மருத்துவமனையில் வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை பார்க்கிறேன். எல்லாரும் சாப்பாட்டைக் கேலி செய்கிறீர்கள். எங்கள் முகத்துக்கு நேரே சொல்லும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுண்டா?

இந்தக் கடிதத்தை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நினைத்துப் பார்த்ததுண்டு, அம்மா. ஆனால் சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

பத்தாம் நாள் என்று ஞாபகம். அண்ணாச்சியின் இட்லி வேடிக்கை வார்டில் வேரூன்றிவிட்டிருந்தது. ஒவ்வொருவரும் அதற்கு மேல் ஒன்று சொல்லக் காத்திருந்தோம். வண்டி தள்ளிவரும் அக்கா என் தட்டில் இட்லியை வைத்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி, “அக்கா, மொத்தமாக ஒரு லோடு கிடைக்குமா? வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்ட வேண்டும்” என்றேன். ஐந்து கட்டிலிலும் சிரிப்பு. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாம்பார்க் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டி, சொட்டு விழாமல் உள்ளே வைத்துவிட்டு, “நானும் இதைத்தான் சார் சாப்பிடுகிறேன். ஆறு வார்டு முடித்து நான் சாப்பிடும்போது இதைவிட ஆறிப்போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். அந்த வண்டியின் ஒரு சக்கரம் கீச்சிடும். அது தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் கீச்சிட்டுக்கொண்டு போனதை ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காளமேகப் புலவர் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பாடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பொழுது சாயும்போதுதான் அங்கே அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பசியின் எரிச்சலில் பாடிவிட்டார். சத்திரத்துக்காரர் மனம் நொந்து கேட்டபோது அந்தப் பாட்டின் ஓர் எழுத்தையும் மாற்றாமல், பஞ்ச காலத்திலும் அரிசி வந்து குவிகிற சத்திரம் இது, இங்கே உலையேறினால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மை வெள்ளி எழுந்ததுபோல் இருக்கும் என்று வாழ்த்தாகப் பொருள் சொன்னாராம். வைதவருக்கே அதை வாழ்த்தாக்கும் பொறுப்பும் உண்டு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எனக்குக் காளமேகத்தின் சொல்வன்மை கிடையாது. மறுநாள் காலையில் வண்டி வந்ததும், “நேற்று நான் பேசியது தப்பு, அக்கா” என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, இட்லியை வைத்தார். அண்ணாச்சிதான் தன் காலைத் தட்டிக் காட்டி, “இந்த மாவுக்கட்டு வலிக்குது, அக்கா போடுற மாவுக்கட்டு ஒன்றுதான் வலிக்கிறதில்லை” என்றார். அந்த அம்மாள் அதற்குச் சிரித்துவிட்டு, “நாளைக்கு இடியாப்பம். என்ன பேர் வைக்கலாம் என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவரே பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார். எங்களுடையவற்றைவிட அவருடையவை காரமாக இருந்தன. புளிக்காத தயிருக்கு அவர் வைத்த பெயரைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தட்டில் இருப்பதைச் சொல்லலாம், நம்மைச் சொல்லலாம், தட்டை நீட்டுகிற கையைச் சொல்லக் கூடாது. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்த வள்ளுவர், நான்காமவரை ‘உழைச்செல்வான்’ என்கிறார். உரைகாரர்கள் யாரை எண்ணி எழுதியிருந்தாலும், வார்டு வார்டாக வண்டி தள்ளும் உங்களையும் அந்தச் சொல்லுக்குள் வைத்துத்தான் நான் படிக்கிறேன்.

வாசகர், காரைக்குடி: சிரிப்பே நோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகிறதே, உண்மையா?

இந்தச் செய்திகளுக்கெல்லாம் மூலமாக நிற்பவர் பெரும்பாலும் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964இல் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகும் நோயென்று சொல்லப்பட்ட கடும் வேதனையில் படுத்தவர், மருத்துவமனையை விட்டு ஒரு ஓட்டல் அறைக்கே மாறிவிட்டார். மருத்துவமனையில் அவர் கண்ட பெருங்குறைகளில் அங்கே தரும் சாப்பாடும் ஒன்று என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவும். நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்ததாகவும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் வலியில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்க முடிந்ததாகவும் 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவர் தேறியது உண்மை. ஆனால் கூடவே வைட்டமின் சி ஏராளமாக எடுத்துக்கொண்டார். தானாகவே தணியக்கூடிய நோயாகவும் அது இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னதும் உண்டு. ஒருவர் கதையை மருந்துச் சீட்டாக்க முடியாது.

கிருமியைக் கொன்று என் கால் கூட வழிசெய்தது ஆறு வாரம் நரம்பு வழியாக ஏறிய மருந்துதான். அண்ணாச்சியின் நோட்டு அல்ல. அந்த மருந்து வேலை செய்வதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், தெம்புக்குச் சோறு வேண்டும், சோறு உள்ளே போவதற்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். ஊறுகாய் தடை செய்யப்பட்ட இடத்தில் எங்களுக்கு வாய்த்தது சிரிப்பு. அவ்வளவே அதன் பங்கு. அதற்கு மேல் அதற்குப் பட்டம் கட்ட நான் தயாரில்லை.

வாசகி, நாகர்கோவில்: எல்லாவற்றையும் சிரித்தே தள்ளிவிட்டால், உண்மையிலேயே மோசமான சாப்பாட்டை யார் தட்டிக்கேட்பது?

நல்ல கேள்வி. ஊசிப்போன வாடை, சாப்பாட்டில் பூச்சி, சைவம் கேட்டவருக்கு முட்டை, சர்க்கரை நோயாளிக்குப் பாயசம் ஆகியவை வேடிக்கைக்கு உரியவை அல்ல. தட்டை அப்படியே வைத்து சிஸ்டரைக் கூப்பிட வேண்டியவை. இன்சுலின் ஊசி போட்டபின் சாப்பாடு வரத் தாமதமானாலும், வந்ததைச் சாப்பிட முடியாமல் போனாலும் உடனே சொல்லிவிட வேண்டும். கை நடுங்கி வியர்க்கிறவரை காத்திருக்கக் கூடாது. விழுங்கும்போதெல்லாம் இருமல் வருகிறது என்றாலோ, இரண்டு மூன்று நாளாகத் தட்டில் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது என்றாலோ மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லுங்கள். நீண்ட நாள் படுத்திருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தட்டில் மிஞ்சுவதை யாரும் எழுதி வைப்பதில்லை; உடம்பில் குறைவதை எடைக்கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதிக் கொடுக்கும்போது மட்டும் நகைச்சுவையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுங்கள். ரசம் ஒரு மாதமாகப் பச்சைத் தண்ணீர் போல் ஆறி வருவதைப் பற்றி அண்ணாச்சி ஒரு மனு எழுதினார். மேகத்தில் கார், தரையில் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் மோர் என்று மோருக்கு முப்பெயர் சூட்டிய அதே காளமேகத்தைத் துணைக்கு அழைத்து, ‘எங்கள் ரசத்துக்கு நான்காவது பெயரும் கிடைக்குமா’ என்று கேட்டிருந்தார். அலுவலகத்தில் எல்லாரும் படித்துச் சிரித்து, படியெடுத்துச் சுவரில் ஒட்டியதாகக் கேள்வி; ரசம் ஆறியே வந்தது. பிறகு நான் தேதி, வேளை, பொருள், குறை என்று நான்கே வரியில் எழுதி ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ரசம் மூடியுள்ள பிளாஸ்கில் வரத் தொடங்கியது. அண்ணாச்சிக்கு அதில் சிறிது வருத்தம்தான்.

வாசகர், சென்னை: வீட்டுக்கு வந்து முதல் வேளை என்ன சாப்பிட்டீர்கள்? எப்படி இருந்தது?

முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். நாற்பத்தேழு நாளாக மனத்துக்குள் எழுதிவைத்திருந்த பட்டியல் அது. என் மனைவி டயட்டீஷியன் கொடுத்த தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, உப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துத்தான் சமைத்திருந்தாள். அப்படியும் முதல் வாய் வைத்ததும் கரித்தது. உப்பைக் குறைத்துச் சில வாரங்கள் சாப்பிட்டால் நாக்கு அதற்குப் பழகிவிடும், பழைய அளவு கரிப்பாகத் தெரியும் என்று மருத்துவமனையில் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது என் நாக்கே அவர்கள் பக்கம் சாட்சி சொன்னது. “என்ன, உப்பு போதவில்லையா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லையென்றும் சொல்ல முடியாமல், சாம்பாரில் கடுகைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டியில் பதினேழு இருந்தது. எண்ணுவதற்கு ஆறு பேர் இல்லாததால் பாதியில் விட்டுவிட்டேன்.

இரவு ஏழரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அண்ணாச்சியின் மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. “இன்றைக்குக் கோதுமை ரவை. உங்கள் கட்டிலுக்குக் காரியாபட்டியிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறார். பேசவே மாட்டேன் என்கிறார். அவர் பங்குக் கடுகை உங்கள் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்” என்றார்.